நேற்றைய கணக்கு எங்கே போனது? ஜாவாவில் பட்டியல் வளர்வதும் மறைவதும்

முக்கூடல் பக்கம் ஒரு பீடிக்கடையில் சாயங்காலம் போய் நின்றால் இதைப் பார்க்கலாம். சுற்றி முடித்த பீடியைக் கூடையிலும் துணிப்பையிலும் கொண்டுவந்து பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்குப் பார்ப்பவர் எண்ணுவார், சரியில்லாததைக் கழிப்பார், மிச்சத்தை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கூட்டுவார். அப்புறம் அந்தப் பெண்ணின் பாஸ்புக்கை வாங்கித் தேதி போட்டு எண்ணிக்கையை எழுதுவார். துண்டுச் சீட்டு குப்பைக்குப் போகும். பாஸ்புக் வீட்டுக்குத் திரும்பும். என் அம்மா பல வருடம் பீடி சுற்றியவர். சுளகை மடியில் வைத்தபடி பேசுவார், சண்டை போடுவார், எனக்குப் பாடமும் கேட்பார். அவருடைய பாஸ்புக் ரேஷன் கார்டோடு ஒரே தகரப் பெட்டியில் இருந்தது. அதில் ஒரு நாள் பதிவு விட்டுப்போனால் அந்த நாள் உழைப்பே விட்டுப்போன மாதிரி.

கல்லூரி முடித்த வருடம், அப்படி ஒரு கடைக்கு ஜாவா என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் ஒருவருடைய எண்ணிக்கையைத் தட்டினால் அது ஒரு பட்டியலில் சேர வேண்டும். வாரக் கடைசியில் பட்டியலைக் கூட்டிக் கூலி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் 700 போட்டோம், 700 காட்டியது. இரண்டாம் நாள் 650 போட்டோம், 650 மட்டும் காட்டியது. மூன்றாம் நாள் 800, அதுவும் தனியாக. கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நேத்து சுத்துனத எங்க வச்சிருக்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அந்த நாற்பது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பாளையங்கோட்டையில் சாயங்கால வகுப்பில் ஜாவா சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்று எல்லாப் பாடமும் சொல்கிறது. அந்தப் பட்டியல் எங்கே பிறக்க வேண்டும், எவ்வளவு நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் நின்று சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

என் தப்பு இதுதான். எண்ணிக்கையைச் சேர்க்கும் மெத்தடின் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் வரித் தொகுப்பு) முதல் வரியிலேயே புது அரேலிஸ்ட், அதாவது ஜாவாவின் வளரும் பட்டியல், ஒன்றை உருவாக்கியிருந்தேன். அடுத்த வரியில் எண்ணிக்கையை அதில் சேர்த்தேன். மூன்றாவது வரியில் பட்டியலை அச்சிட்டேன். படிக்கும்போது மூன்று வரியும் நியாயமாகத்தான் தெரியும். ஓடுவதற்கு முன் புரோகிராமைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலரும் ஒரு வார்த்தை சொல்லாது. ஆனால் மெத்தடை ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அந்த முதல் வரி மறுபடி ஓடுகிறது. மறுபடி ஓடினால் மறுபடி ஒரு காலிப் பட்டியல். ஐந்து நாள் கூப்பிட்டால் ஐந்து பட்டியல், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு மெத்தடைக் கூப்பிட்டதும் ஸ்டாக் என்ற இடத்தில் அந்த அழைப்புக்கென்று ஒரு ஃப்ரேம் போடப்படுகிறது. மெத்தடுக்குள் அறிவிக்கும் லோக்கல் வேரியபிள்கள், அதாவது மதிப்பைப் பிடித்துவைக்கும் பெயர்கள், எல்லாம் அந்த ஃப்ரேமில்தான் இருக்கும். மெத்தட் முடிந்ததும் ஃப்ரேமை எடுத்துவிடுவார்கள், அதோடு அந்த வேரியபிள்களும் போய்விடும். பட்டியல் மட்டும் ஸ்டாக்கில் இல்லை, அது ஹீப் என்ற பொது இடத்தில் இருக்கிறது. லோக்கல் வேரியபிளிடம் இருந்தது அதன் முகவரிதான். முகவரி எழுதிய காகிதம் தொலைந்துவிட்டால் வீட்டுக்கு யாரும் போக முடியாது. யாரும் போக முடியாத ஆப்ஜெக்டை, அதாவது ஹீப்பில் உருவாக்கிய பொருளை, கார்பேஜ் கலெக்டர் பிறகொரு நேரத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். கடைக்காரர் கேட்ட நேற்றைய 700 அப்படித்தான் போனது. நான் துண்டுச் சீட்டில் எழுதி, அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பாஸ்புக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திருத்தம் ஒரு வரி இடமாற்றம்தான். பட்டியலை மெத்தடுக்கு வெளியே, கிளாஸுக்கு உள்ளே (கிளாஸ் என்பது ஆப்ஜெக்டை வார்க்கும் அச்சு), ஒரு ஃபீல்டாக, அதாவது ஆப்ஜெக்டோடு சேர்ந்து இருக்கும் வேரியபிளாக, வைக்க வேண்டும். புது அரேலிஸ்ட் என்ற வரி அங்கேயே இருக்கலாம், இல்லை ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் இருக்கலாம். ஃபீல்டின் ஆயுசு ஆப்ஜெக்டின் ஆயுசு. தொழிலாளி என்ற ஆப்ஜெக்ட் இருக்கும்வரை அவருடைய பட்டியலும் இருக்கும். மெத்தடுக்குள் இப்போது ஒரே வேலை, வந்த எண்ணைச் சேர்ப்பது. முதல் அழைப்பில் 700, இரண்டாவதில் 700, 650, மூன்றாவதில் 700, 650, 800. கூட்டினால் 2150.

சரி, முடிந்ததா என்றால் இல்லை. ஃபீல்டாக மாற்றிய பிறகும் சிலருக்குப் பட்டியலில் ஒரே ஓர் எண்தான் இருக்கும். போய்ப் பார்த்தால், ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் தொழிலாளி ஆப்ஜெக்டையே புதிதாக உருவாக்கியிருப்பார்கள். அதே தப்பு ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. பாஸ்புக்கை வீட்டில் பத்திரமாக வைத்தாலும், தினம் ஒரு புது ஆளின் பேரில் புதுப் புத்தகம் போட்டால் முதல் பக்கத்தைத் தாண்ட முடியுமா?

இன்னொரு வழியில் போகிறவர்களை நான் அதிகம் பார்க்கிறேன், அது எனக்குக் கவலை தருகிறது. ஜாவா புரோகிராம் தொடங்கும் மெயின் மெத்தட் வழக்கமாக ஸ்டாட்டிக், அதாவது எந்த ஆப்ஜெக்டும் இல்லாமலே கூப்பிடக்கூடியது. அதிலிருந்து சாதாரண ஃபீல்டைத் தொட்டால், ஸ்டாட்டிக் இடத்திலிருந்து ஸ்டாட்டிக் அல்லாததைத் தொட முடியாது என்று கம்பைலர் தடுக்கும். அதன் அர்த்தம், "எந்த ஆப்ஜெக்டின் பட்டியல் என்று சொல்" என்பது. புதிதாகப் படிக்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பட்டியலுக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார், சிவப்புக் கோடு மறைகிறது, புரோகிராமும் ஓடுகிறது. ஒரே ஒரு தொழிலாளியை வைத்துச் சோதித்தால் கணக்கும் சரியாக வரும். நாற்பது பேரைச் சேர்த்த அன்றைக்குத்தான் தெரியும், நாற்பது பேர் சுற்றியதும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கிறது என்று. ஸ்டாட்டிக் ஃபீல்டு கிளாஸுக்குச் சொந்தம், ஆளுக்குச் சொந்தமில்லை. கடைக்கு ஒரே பாஸ்புக் போட்டு எல்லார் எண்ணிக்கையையும் பெயரில்லாமல் அதில் எழுதிய மாதிரி. கம்பைலர் தடுத்தால் மெயினுக்குள் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் வழியாக மெத்தடைக் கூப்பிடுங்கள். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

பட்டியலை ஃபீல்டாக வைக்காமல், கூப்பிடுகிறவரே உருவாக்கி மெத்தடுக்கு அனுப்புவதும் ஒழுங்கான வழிதான். அங்கே ஒரு நுட்பம் உண்டு. ஜாவா மெத்தடுக்குக் கொடுப்பது முகவரியின் நகலை. மேலப்பாளையத்தில் இருக்கும் என் வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதி உங்களிடம் கொடுத்தால், நீங்கள் போய் அங்கே ஒரு மூட்டை அரிசி இறக்கிவிட்டு வரலாம், அது என் வீட்டில் இருக்கும். ஆனால் உங்கள் தாளில் முகவரியை அடித்துவிட்டுப் பேட்டை என்று எழுதினால் என் வீடு பேட்டைக்கு வந்துவிடாது. மெத்தடுக்குள் பட்டியலில் சேர்ப்பது முதல் வகை, வெளியே தெரியும். மெத்தடுக்குள் அந்த வேரியபிளுக்குப் புதுப் பட்டியலைக் கொடுப்பது இரண்டாம் வகை, வெளியே ஒன்றும் மாறாது.

பல பேருக்குத் தனித்தனிப் பட்டியல் வேண்டும் என்றால் ஹேஷ்மேப் வரும். தொழிலாளி எண்ணைச் சொன்னால் அவர் பட்டியலைத் தரும் பெட்டி அது. முன்பெல்லாம், அந்த எண்ணுக்குப் பட்டியல் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் புதிதாகப் போடு, அப்புறம் சேர் என்று மூன்று நான்கு வரி எழுதுவோம். 2014-ல் வந்த ஜாவா 8-ல் கம்ப்யூட் இஃப் ஆப்சென்ட் என்று ஒரு மெத்தட் சேர்ந்தது. பட்டியல் இருந்தால் அதையே தரும், இல்லாவிட்டால் ஒன்றை உருவாக்கி உள்ளே வைத்துவிட்டுத் தரும். இருக்கிற பட்டியலைக் கவனிக்காமல் புதிதாக ஒன்றைப் போட்டு மூடிவிடும் தப்புக்கு அதில் இடமே இல்லை. எனக்குப் பிடித்த வரி.

பட்டியல் சரியாக வளர்ந்தும் உள்ளே இருக்கும் சரக்கு தப்பாக இருப்பது இன்னொரு சங்கடம். ஐந்து நாள் பதிவு இருக்கும், ஐந்திலும் வெள்ளிக்கிழமைத் தேதியும் வெள்ளிக்கிழமை எண்ணிக்கையும் இருக்கும். எண்ணை மட்டும் சேர்க்காமல், தேதி, எண்ணிக்கை, கழிவு மூன்றையும் வைத்திருக்கும் பதிவு என்ற ஆப்ஜெக்டைச் சேர்க்கும்போது இது வரும். லூப்புக்கு வெளியே ஒரு பதிவை உருவாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்புகளை மாற்றி, மறுபடி மறுபடி சேர்த்திருப்பார்கள். பட்டியல் ஆப்ஜெக்டைப் பிரதி எடுத்து வைப்பதில்லை, முகவரியைத்தான் வைத்துக்கொள்கிறது. ஐந்து இடத்திலும் ஒரே முகவரி. எங்கள் வீட்டுச் சுளகு ஒன்றுதான், திங்களன்று அதில் இருந்தது வேறு, வெள்ளியன்று இருந்தது வேறு. அந்தச் சுளகை ஐந்து நாள் சுட்டிக் காட்டினால், கடைசியில் போய்ப் பார்ப்பவருக்கு வெள்ளிக்கிழமைப் பீடிதான் தெரியும். பட்டியல் ஒன்றாகவும் பதிவு பலவாகவும் இருக்க வேண்டும். பட்டியல் பிறக்கும் வரி லூப்புக்கு வெளியே, பதிவு பிறக்கும் வரி லூப்புக்கு உள்ளே. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் முன்னே சொன்ன தப்புகளில் பாதி வருகிறது.

இனி, பட்டியல் எப்படி வளர்கிறது என்ற கதை. இதை அனுபவித்துச் சொல்ல எனக்கு ஆசை.

ஜாவாவில் மதிப்புகளை வரிசையாக வைக்கும் சாதாரண அரேயின் நீளம் உருவாக்கும்போது தீர்மானமாகிவிடும். பத்து இடம் என்றால் கடைசிவரை பத்துதான். 1996-ல் முதல் பதிப்பு வந்தபோதே வளரும் பட்டியலுக்கு வெக்டர் என்று ஒன்று இருந்தது. 1998 டிசம்பரில் வந்த ஜாவா 1.2-ல், ஜோஷுவா ப்ளாக் முன்னின்று வடிவமைத்த கலெக்ஷன்ஸ் தொகுப்பில் அரேலிஸ்ட் வந்தது. அதற்குள்ளே இருப்பதும் அதே வளராத அரேதான். இடம் தீர்ந்ததும் பெரிய அரே ஒன்றை எடுத்து, பழையதில் இருப்பதை அப்படியே பெயர்த்து எழுதி, பழையதைக் கைவிட்டுவிடும். நோட்டு நிரம்பியதும் பெரிய நோட்டு வாங்கி, முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற மாதிரி.

எவ்வளவு பெரிய நோட்டு வாங்குவது? அளவு சொல்லாமல் உருவாக்கிய அரேலிஸ்ட் முதல் எண் சேரும்போது பத்து இடத்தை எடுக்கிறது. நிரம்பினால் இருக்கிற அளவில் பாதியைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே 10, 15, 22, 33, 49, 73, 109 என்று போய், 163, 244, 366, 549, 823 தாண்டி 1234-ல் நிற்கும்போது ஆயிரம் எண்ணுக்கு இடம் ஆகிவிடும். பன்னிரண்டு தடவை நோட்டு மாறியிருக்கிறது. பெயர்த்து எழுதியது மொத்தம் 2456 எண்கள். அதாவது ஓர் எண்ணுக்குச் சராசரியாக இரண்டரைத் தடவை.

பாதி எதற்கு, பத்துப் பத்தாகக் கூட்டினால் போதாதா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். பத்துப் பத்தாகப் போனால் ஆயிரம் எண்ணுக்குள் பெயர்த்து எழுதுவது 49,500. ஒவ்வொன்றாகக் கூட்டினால் 4,99,500. பட்டியல் பத்து மடங்கு நீண்டால் இந்த வேலை ஏறக்குறைய நூறு மடங்கு ஆகும். விகிதத்தில் கூட்டும்போது மட்டும்தான் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் ஓர் எண்ணுக்கு ஆகும் செலவு ஒரே அளவில் நிற்கிறது. பழைய வெக்டர் வழக்கமாக இரட்டிப்பாகும். பெயர்ப்பு குறையும், காலி இடம் அதிகமாகும். ஹேஷ்மேப்பும் இரட்டிப்புதான். பதினாறு இடத்தில் தொடங்கி, பன்னிரண்டைத் தாண்டியதும் முப்பத்திரண்டு ஆகும்.

எத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் உருவாக்கும்போதே சொல்லிவிடலாம், பெயர்ப்பே இருக்காது. ஒருவர் பட்டியலில் வாரத்துக்கு ஆறு எண் சேரும் கடைக்கு அது தேவையில்லை, லட்சக்கணக்கில் வாசிக்கும் கோப்புக்கு நல்லது. அடிக்கடி வளர்வதற்கு லிங்க்டுலிஸ்ட் நல்லது என்று புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொல்வார்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் தனி முடிச்சு, இரண்டு பக்கமும் முகவரி என்று அது நினைவகத்தை அதிகம் தின்னும். கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் வேலைக்கு நான் அரேலிஸ்ட்டைத்தான் எடுப்பேன்.

வளராத பட்டியலும் உண்டு, இதில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். அரேஸ் ஆஸ்லிஸ்ட் என்று எழுதி வாங்கும் பட்டியலில் மதிப்பை மாற்றலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. ஜாவா 9-ல் வந்த லிஸ்ட் ஆஃப் தரும் பட்டியலில் மாற்றவும் முடியாது. சேர்க்கப் போனால் இரண்டுமே ஓடும்போதுதான் பிழை எறியும். அதை ஒரு புது அரேலிஸ்ட்டுக்குள் ஊற்றிக்கொண்டால் தாராளமாக வளரும்.

எண்களைப் பட்டியலில் வைக்கும்போது இன்னொரு குழி. பட்டியலுக்குள் இருப்பது சாதாரண எண் இல்லை, இன்டிஜர் என்ற ஆப்ஜெக்ட். அப்படி இரண்டை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் 100-ம் 100-ம் சமம் என்று வரும், 700-ம் 700-ம் சமமில்லை என்று வரும். மைனஸ் 128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பத் தருகிறது. அதற்கு மேல் போனால் வழக்கமாகப் புதிது புதிதாக உருவாக்குகிறது. ஈக்குவல்ஸ் மெத்தடால் ஒப்பிட்டால் பிரச்சினை இல்லை. பீடிக்கணக்கில் 127-க்குள் வரும் நாள் அபூர்வம் என்பதால் எனக்கு இது சீக்கிரமே தெரிந்தது. சின்ன எண்களைப் போட்டுச் சோதிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

வளர்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், எப்போது நிறுத்துவது என்றும் சொல்ல வேண்டும். கார்பேஜ் கலெக்டர் இருப்பதால் ஜாவாவில் நினைவகம் ஒழுகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கலெக்டர் எடுப்பது யாரும் எட்ட முடியாத பொருளைத்தான். ஸ்டாட்டிக் பட்டியல் ஒன்று எல்லாவற்றின் முகவரியையும் பிடித்துக்கொண்டிருந்தால் அதில் ஒன்றைக்கூட எடுக்காது. கடைக் கணக்கில் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் எண் சேர்ந்தாலும் கணினிக்கு அது தூசு. ஆனால் நிறுத்தாமல் ஓடும் ஒரு சர்வரில், வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு நாள் நினைவகம் தீர்ந்தது என்ற பிழையோடு நின்றுவிடும். அங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. பல திரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள், ஒரே நேரத்தில் ஒரே அரேலிஸ்ட்டில் சேர்த்தால் பதிவு தொலையும், சில நேரம் பிழையே இல்லாமல் தொலையும். அப்படிப்பட்ட இடத்துக்குப் பூட்டு வைத்த பட்டியல் வேண்டும்.

என் புரோகிராம் பிழை காட்டாமல் ஓடத் தொடங்கிய பிறகு, முதல் சனிக்கிழமை வந்தது. வாரக்கூலி நாள். கணக்கு முடித்து, அந்த வாரத்துப் பட்டியலை அறிக்கைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்காகப் பட்டியலைக் கிளியர் செய்தேன். அறிக்கையைத் திறந்தால் எல்லார் பெயருக்கு எதிரிலும் பூஜ்யம். அறிக்கையிடம் இருந்ததும் என்னிடம் இருந்ததும் ஒரே பட்டியலின் முகவரி என்பதால், நான் துடைத்தது அங்கேயும் துடைந்துவிட்டது. கடைக்காரர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற அக்கா ஒருத்தர்தான் பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல இருக்கு தம்பி, பாத்து எழுதிக்கோ" என்றார். அன்றைக்கு நாற்பது பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்துக் கையால் கூட்டிக் கொடுத்தோம். இருட்டிவிட்டது.

அடுத்த நாள் கிளியர் என்ற வரியை எடுத்தேன். வாரத்தை முடிக்கும் மெத்தடில், பழைய பட்டியலை அறிக்கையிடமே விட்டுவிட்டு, ஃபீல்டுக்குப் புது அரேலிஸ்ட் ஒன்றைக் கொடுத்தேன். முதல் வாரம் என்னைத் தலைகுனிய வைத்த அதே வரிதான். அன்று அது தினமும் ஓடியது, இப்போது சனிக்கிழமை மட்டும் ஓடுகிறது.